வரமா, கடனா?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மனிதனுக்கு அமையும் உறவுகளில் கணவன் மனைவி என்னும் உறவு தனித்தன்மை வாய்ந்தது. தாய், தந்தை, உடன்பிறந்தார், மக்கள் ஆகியோர் பிறப்பால் அமைகின்றனர். கணவனும் மனைவியும் அக்னி சாட்சியாகக் கூறப்படும் சொல்லால் அமைகின்றனர். சொல்லால் அமைந்த உறவாதலின், அவ்விருவருள் யாருடைய சொல் ஓங்குவது என்னும் கேள்வியும் அவ்வுறவோடு கூடவே பிறந்துவிடுகிறது. ஓங்கிய சொல் குடும்பத்தை வாழ்விப்பது எப்போது, வீழ்த்துவது எப்போது என்பது இல்லறத்தார் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய தர்ம விசாரம்.

இதற்கு விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆதிகாவ்யமாகிய ஸ்ரீமத் ராமாயணத்தின் அயோத்யா காண்டம் இவ்விசாரத்திற்கென்றே அமைந்தது போலுள்ளது. தசரத சக்கரவர்த்தியும் கைகேயி தேவியும் ஒருவரையொருவர் வென்று, முடிவில் இருவருமே தோற்ற கதை அது. எம்பெருமானை ஸேவிக்க விழுப்புரம், திண்டிவனம் நகரங்களிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் வந்து கூடியிருக்கும் அன்பர்கள் யாவரும் அறிந்த கதைதான். ஆயினும் அறிந்த கதை என்பதாலேயே நாம் நில்லாமல் கடந்துவிடும் இடங்கள் சில உண்டு. அவ்விடங்களில் சற்று நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்பு

கைகேயி பேராசை கொண்டவள். சக்கரவர்த்தி அவளுடைய அழகுக்கு அடிமைப்பட்டவர். அதனால் குடி கெட்டது. சிறுபிராயம் முதல் நாம் கேட்டுவரும் தீர்ப்பு இது. இளையபெருமாளும் தம் சினத்தில் தந்தையாரைப் பெண்வயப்பட்டவர் என்றே இகழ்ந்தார். இத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால் அதிலிருந்து கிடைக்கும் நீதி ஒன்றுதான்: மனைவியின் சொல்லுக்குச் செவி சாய்க்காதே.

இந்நீதி நம் ஸம்பிரதாயத்திற்குப் பொருந்துமா? பெரிய பிராட்டியார் நமக்காகப் பரிந்து பேச, எம்பெருமான் அதற்கு இசைந்து நம் குற்றங்களைப் பொறுத்தருளுகிறான் என்பதன்றோ நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழி? மனைவியின் சொல்லைக் கேட்பதே குற்றமாயின் நமக்கு உய்வே இல்லாமற் போகுமே! ஆகவே அயோத்தியில் நேர்ந்த குற்றம் வேறிடத்தில் இருந்திருக்க வேண்டும். அதைத் தேடுவோம்.

போர்க்களத்தில் பிறந்த கடன்

இக்கதையின் வித்து அயோத்தியின் அந்தப்புரத்தில் விழுந்ததன்று. தண்டகாரண்யத்துப் போர்க்களத்தில் விழுந்தது. தேவாசுர யுத்தத்தில் இந்திரனுக்குத் துணையாகச் சென்ற சக்கரவர்த்தி, சம்பராசுரனோடு நிகழ்ந்த போரில் ஆயுதங்களால் காயமுற்று நினைவிழந்தார். உடன் சென்றிருந்த கைகேயி அவரைக் களத்திலிருந்து அப்புறப்படுத்திக் காத்தாள். தேரின் அச்சாணி கழன்றபோது தன் விரலைக் கொடுத்துத் தாங்கினாள் என்று காலக்ஷேபங்களில் சொல்வதும் உண்டு. எவ்வாறாயினும், நாடாளும் வேந்தன் உயிர் அன்று ஒரு பெண்ணின் கையில் இருந்தது. அவள் அதைக் காத்து அவரிடமே திருப்பித் தந்தாள்.

அன்று அவள் கூலி எதையும் கருதவில்லை. கணவன் என்ற அன்பினால் செய்தாள். நினைவு தெளிந்த சக்கரவர்த்தி அந்த அன்பை அன்பாகவே பெற்றுக்கொண்டிருக்கலாம். அவரோ இரண்டு வரங்களைக் கொடுத்தார். அவள், வேண்டும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் கணத்தில் உபகாரம் கடனாயிற்று. எவ்வளவு என்று குறிக்கப்படாத கடன். எப்போது திருப்ப வேண்டும் என்று நாள் வைக்கப்படாத கடன். வெற்றுத்தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தவன் நிலை என்னவோ அதுவே சக்கரவர்த்தியின் நிலை.

அந்த வரங்களைக் கைகேயி மறந்தே போயிருந்தாள் என்பதும் கவனிக்கத்தக்கது. பின்னாளில் மந்தரைதான் அவற்றை நினைவூட்டுகிறாள். கடன் உறங்கியவரையில் குடும்பம் நன்றாகவே இருந்தது.

மறைத்தவரும் அஞ்சியவளும்

சக்கரவர்த்திக்கு ஆசை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தம் கண்மூடுமுன் மூத்த திருமகனை அரியணையில் காண வேண்டும் என்னும் பேராவல் அவருக்கு இருந்தது. ஆவல் குற்றமன்று. அதை நிறைவேற்ற அவர் கொண்ட வழியைப் பாருங்கள். சிற்றரசர்களையும் நகரத்தாரையும் கூட்டிச் சபை நடத்துகிறார். கேகய மன்னருக்கும் ஜனகருக்கும் சொல்லி அனுப்ப நேரமில்லை என்று விட்டுவிடுகிறார். ராமனைத் தனியே அழைத்து, பரதன் ஊரில் இல்லாத இந்த வேளையே பட்டாபிஷேகத்திற்கு உரிய வேளை என்கிறார். பரதன் நல்லவனே, ஆயினும் மனித மனம் மாறக்கூடியது என்றும் சொல்கிறார். மறுநாள் புஷ்ய நக்ஷத்திரம், மறுநாளே பட்டாபிஷேகம்!

இந்த அவசரம் ஏன்? சித்திரகூடத்தில் பெருமாள் ஸ்ரீபரதாழ்வானிடம் சொல்லும் ஒரு வார்த்தையில் விடை இருக்கிறது. கைகேயியை மணந்த காலத்தில் அவளுடைய தந்தையாருக்குச் சக்கரவர்த்தி ராஜ்யத்தையே கன்யா சுல்கமாக வாக்களித்திருந்தாராம். அப்படியானால் கோசல ராஜ்யம் மூன்று முறை கொடுக்கப்பட்டது. மாமனாருக்குச் சுல்கமாக ஒருமுறை. மனைவிக்கு எல்லையில்லாத வரமாக ஒருமுறை. சபை நடுவே மூத்த மகனுக்கு ஒருமுறை. ஒரே பொருளை மூவருக்கு வாக்களித்தவர், அம்மூவரும் ஒருவரையொருவர் சந்திக்காதவாறு மறைத்து நடப்பதன்றி வேறென்ன செய்ய இயலும்?

ஊரெல்லாம் கேட்டவர், கேட்டே ஆகவேண்டிய ஒருத்தியைக் கேட்கவில்லை. மாலையில் தாமே வந்து அவளுக்குச் சொல்லலாம் என்றிருந்தார். அதற்குள் மாடத்திலிருந்து நகரத்தின் அலங்காரத்தைக் கண்ட பணிப்பெண் வாயிலாகச் செய்தி அவள் காதுக்கு எட்டிவிட்டது.

கைகேயி அச்செய்தியைக் கேட்டதும் மகிழ்ந்தாள். ராமனுக்கும் பரதனுக்கும் வேற்றுமை காணேன் என்று சொல்லி ஆபரணம் ஒன்றைப் பரிசளித்தாள். அவள் உள்ளத்தில் அப்போது ராஜ்ய ஆசை இல்லை. மந்தரை மூட்டிய தீ முதலில் அச்சத்தின் தீ. கணவனின் பிரியத்தால் செருக்குற்றுக் கோசலையை நீ அலக்ஷ்யம் செய்தாயே, அவள் மகன் அரசனானால் உன்னைச் சும்மா விடுவாளா என்று கேட்டாள் மந்தரை. அது உண்மையும்கூட. கைகேயியின் பணிப்பெண்களுக்குள்ள மதிப்புக்கூடத் தனக்கில்லை என்று கோசலாதேவி பின்னர்த் தன் மகனிடம் கண்ணீர் வடிக்கிறாள். கைகேயியின் மேன்மை முழுவதும் ஒருவருடைய பிரியத்தைத் தூணாகக் கொண்டு நின்றது. அத்தூண் முதுமையால் சாய்ந்துகொண்டிருந்தது. பிறர் பிரியத்தால் வந்த ஆளுகை தன் ஆயுளைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும். அந்த அச்சமே பேராசையாக உருவெடுத்தது.

ஆக, ஒருவர் மறைத்தார், மற்றவர் அஞ்சினாள். இவ்விரண்டும் சந்தித்த இடம் கோபக்கிருஹம்.

ஓர் இரவில் மாறிய ஆளுகை

அன்றிரவு நடந்ததை மகரிஷி வரிசையாகக் காட்டுகிறார். சக்கரவர்த்தி உள்ளே நுழையும்போது அவர் எஜமானர். அவள் தரையில் கிடப்பவள். யாரைத் தண்டிக்க வேண்டும், யாரைச் செல்வனாக்க வேண்டும், சொல் என்று அவர் தம் அதிகாரத்தையெல்லாம் அவள் முன் பரப்பி வைக்கிறார். அவள் எதைக் கேட்கப்போகிறாள் என்று அறியாமலே ராமன்மேல் ஆணையிட்டுச் சத்தியமும் செய்கிறார். உடனே அவள் சூரிய சந்திரர்களையும், திசைகளையும், வீட்டிலுள்ள கிருஹதேவதைகளையும் சாட்சிக்கு அழைக்கிறாள். கணவன் மனைவி பேச்சுக்குச் சாட்சி எதற்கு? சாட்சி வைத்தபோதே அது பள்ளியறைப் பேச்சாக இல்லாமல் வழக்காடு மன்றத்துப் பேச்சாகிவிட்டது.

வரங்கள் இரண்டையும் அவள் சொன்னதும் நிலைமை தலைகீழாயிற்று. தரையில் கிடந்தவள் நிமிர்ந்தாள். நின்றவர் விழுந்தார். சினந்தார், கெஞ்சினார், அவள் கால்களைப் பற்ற முயன்று அதுவும் கைகூடாமல் மயங்கினார். பரதன் ஆளட்டும், ராமனைக் காட்டுக்கு மட்டும் அனுப்பாதே என்று கம்பநாட்டாழ்வாரின் தசரதர் இரப்பதைக் கேட்டு உருகாதார் இல்லை. அதிகாரம் அனைத்தையும் உடையவர் அதிகாரத்தைக் கைவிட்டு இரந்தார். இரப்பைக் கேட்டவளோ, அதைத் தன் வெற்றியின் அடையாளமாகவே கண்டாள்.

பொழுது விடிந்தது. சுமந்திரனிடம், ராமனை அழைத்து வா என்று ஆணையிடுபவள் கைகேயி. வந்து நின்ற மகனிடம் சக்கரவர்த்தியால் பெயரை மட்டுமே சொல்ல முடிந்தது; மேலே பேச நா எழவில்லை. அரசர் சொல்ல வேண்டியதை அரசர் முன்னிலையிலேயே அவள் சொன்னாள். மரவுரியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். ஒரு மனைவியின் ஆளுகை இதைக்காட்டிலும் நிறைவாக இருக்க முடியாது. கணவனின் சொல்லே அவள் வாய்க்குள் வந்துவிட்டது.

அந்த ஆளுகை எத்தனை நாழிகை நின்றது? ராமனின் தேர்ப்புழுதி மறைந்ததும் சக்கரவர்த்தி தெருவில் விழுந்தார். வலப்புறம் கோசலை தாங்கினாள். இடப்புறம் தாங்க வந்தாள் கைகேயி. என்னைத் தொடாதே, அக்னியை வலம்வந்து உன்னைக் கைப்பிடித்த உறவை விட்டேன் என்றார் அவர். போர்க்களத்தில் நினைவிழந்து கிடந்தவரைத் தூக்கிய அதே கைகள் இப்போது விலக்கப்பட்டன. என்னைக் கோசலையின் மாளிகைக்குக் கொண்டு செல்லுங்கள் என்றார். அங்கும் ஆளுகை இடம் மாறியது. இத்தனை காலம் மதிக்கப்படாத மூத்த தேவி மனம் நொந்து கடிந்துரைக்க, சக்கரவர்த்தி அவளை நோக்கிக் கைகூப்பினார். ஆறாம் நாள் இரவு உயிர் பிரிந்தது. குலசேகரப் பெருமாள், தாமும் முடி சூடிய அரசராதலின், பெருமாள் திருமொழியின் ஒன்பதாம் திருமொழியில் அத்தந்தையின் புலம்பலையே தம் புலம்பலாக்கிக்கொண்டார்.

கைகேயிக்குக் கிடைத்தது என்ன? யாருக்காக இதைச் செய்தாளோ அந்த மகனே கடுஞ்சொல் கூறி அவளை ஒதுக்கினான். அவள் கேட்ட அரியணையில் பரதன் அமரவில்லை. அவள் காட்டுக்கு அனுப்பியவனுடைய திருவடிநிலைகளே 14 ஆண்டுகள் ஆட்சி செய்தன. கேட்டது கேட்டபடி கிடைத்தும், கிடைத்தவற்றுள் அவளுடையது என்று ஒன்றும் இல்லை.

அறியாமல் கொடுத்த சொல் கட்டுமா?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. இன்னதென்று அறியாமல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? சொல்லின் பொருளையும் விதியின் வலிமையையும் ஆராய்வது மீமாம்ஸா சாஸ்திரம். நம் விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கிராமத்தில், அழகிய நரசிம்மப் பெருமாள் திருக்கோயிலில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணாக்கர்கள் வேதமும் வியாகரணமும் மீமாம்ஸையும் வேதாந்தமும் பயின்றனர் என்று கல்வெட்டு கூறுகிறது. அந்த மண்டபத்து மாணாக்கர்கள் எழுப்பியிருக்கக்கூடிய வினாவே இது.

சக்கரவர்த்தியே தப்பும் வழி ஒன்றைக் காட்டினார். நான் வரத்தால் மயக்கப்பட்டவன். என்னைச் சிறைப்படுத்திவிட்டு நீயே அரசனாகு என்று ராமனிடம் சொன்னார். பெருமாள் அதை ஏற்கவில்லை. தந்தை கொடுத்த வரம் முறையானதா என்று அவர் வாதிடவும் இல்லை. தந்தையின் சத்தியத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். இதிலிருந்து நாம் அறிவது, சொல் கொடுத்தவரும் சொல்லைப் பிடித்தவரும் ஆகிய இருவரின் பிழைக்கும் விலை கொடுப்பவர் மூன்றாமவர் என்பது. பெற்றோர் இருவரின் கணக்கு வழக்கில் பிள்ளை காட்டுக்குப் போகிறான். இது அயோத்தியில் மட்டும் நடப்பதன்று.

நம் ஊர்க் கூத்திலும் பிறநாட்டு நாடகத்திலும்

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் சீமைகளில் திரௌபதியம்மன் கோயில்கள் மிகுதி. பாரத விழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்வதை அறிவீர்கள். கர்ண மோட்சம் கூத்தில் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் நடக்கும் வாக்குவாதம் விடியும்வரை ஜனங்களை விழித்திருக்கச் செய்வது. தேரோட்டி மகன் என்று கணவனைத் தாழ்வாக எண்ணி ஒதுக்கியவள் பொன்னுருவி. அங்க தேசத்து அரசன் வெளியே மன்னன், வீட்டுக்குள் தீண்டத் தகாதவன்! போருக்குப் புறப்படும் வேளையில் அவன் குந்தியின் மைந்தன் என்று அறிகிறாள். அந்தக் கணமே தராசு மறுபக்கம் சாய்கிறது. போகாதே என்று இப்போது அவள் அழுகிறாள். அவனோ நிற்க முடியாதவன். வாழ்நாள் முழுவதும் அவள் கையில் இருந்த மேன்மை, பயன்படும் நேரத்தில் பயன்படவில்லை. பிறப்பை அளவுகோலாகக் கொண்டு கணவனை அளந்தவள், அவ்வளவு பிழையென்று தெரிந்தபோது கணவனையே இழக்கிறாள்.

ஆங்கிலக் கல்வி கற்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைப் பாடமாகப் படிப்பதுண்டு. ஏறத்தாழ 1606ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது என்பர். ஸ்காட்லாந்து தேசத்துப் படைத்தலைவன் ஒருவனுக்கு, நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் குறி சொல்கின்றனர். அவன் தயங்குகிறான், மனைவி தூண்டுகிறாள். விருந்தாளியாய் வந்த மன்னனைத் தம் வீட்டிலேயே கொல்கின்றனர். அதுவரை அவள் சொல்லே மேல். முடி கிடைத்த பின் அவன் அடுத்த கொலையை அவளுக்குச் சொல்லாமலே செய்கிறான். துணிவூட்டியவள் உறக்கத்தில் எழுந்து, கையில் இல்லாத இரத்தத்தைக் கழுவிக் கழுவி மாய்கிறாள். அவள் இறந்த செய்தி வந்தபோது நின்று அழக்கூட அவனுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை.

தசரதரும் கைகேயியும் வேறு வேறு விஷயங்களை விரும்பியதால் பிரிந்தனர் என்று சொல்லலாம். மாக்பெத் தம்பதிகளோ ஒன்றையே விரும்பினர், அப்போதும் பிரிந்தனர். ஆசை ஒன்றாக இருந்தால் மனம் ஒன்றாகிவிடும் என்னும் எண்ணமும் இதனால் பொய்யாகிறது. இருவரும் சேர்ந்து பிறர் பொருளைக் கவர்ந்தால், கவர்ந்த பொருள் அவ்விருவர் நடுவே வந்து உட்கார்ந்துவிடும்.

நம் இல்லங்களில்

பெண்ணின் கையில் ஆளுகை இருப்பதே தீது என்று இக்கதைகளைக் கேட்டு முடிவு செய்பவர்கள் திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்திற்குச் சென்று வரவேண்டும். முதலாம் ராஜராஜ சோழனின் தமக்கையும் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியுமாகிய குந்தவைப் பிராட்டியார், ராஜராஜபுரம் எனப்பட்ட அவ்வூரில் சிவனுக்கும் திருமாலுக்கும் ஜினருக்கும் கோயில்கள் எடுப்பித்தார். அரசகுடும்பத்துப் பெண்ணாகிய அவரிடமும் செல்வாக்கு இருந்தது. அச்செல்வாக்கு கொடுப்பதற்குப் பயன்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவர் பெயரைக் கல் சொல்கிறது.

உள்ளாட்சி மன்றங்களில் மகளிர்க்குச் சரிபாதி இடம் என்று 2016ஆம் ஆண்டில் தமிழகத்தில் சட்டம் செய்யப்பட்டது. நல்ல மாற்றம். ஆயினும் தலைவியார் நாற்காலியில் இருக்க, கணவர் பக்கத்தில் நின்று உத்தரவிடும் ஊர்களும் உண்டு என்று கேட்கிறோம். அரசனுடைய சொல்லைக் கைகேயி பேசினாள். இங்கே தலைவியின் சொல்லைக் கணவர் பேசுகிறார். பேசுபவர் ஆணா பெண்ணா என்பதால் பிழை சரியாகிவிடாது. ஒருவருக்கு உரிய சொல்லை அவர் வாயிலிருந்து பறித்துப் பேசுவது எவர் செய்யினும் பிழையே.

இல்லங்களுக்குள்ளும் இதே கதைதான். நிலத்தை யார் பெயரில் எழுதுவது, யார் வருமானத்தில் வீடு நடக்கிறது, மகளின் திருமணத்தை யார் முடிவு செய்வது என்று சந்நிதிக்கு வந்து கண்ணீரோடு முறையிடும் தம்பதிகளை அர்ச்சகர்கள் நாள்தோறும் காண்கிறோம். கூர்ந்து கேட்டால், பெரும்பாலும் ஒரு பழைய உபகாரம் உள்ளே கிடக்கும். உன் கடனை என் நகையை விற்று அடைத்தேனே என்பாள் ஒருத்தி. உன் தம்பிகளைப் படிக்க வைத்தவன் நானல்லவா என்பான் ஒருவன். செய்தபோது அன்பாகச் செய்தவை. காலம் செல்லச் செல்ல அவற்றுக்கு வட்டி ஏறிவிடுகிறது. கைகேயியின் வரங்களைப் போல் அவை வீட்டுக்குள் உறங்கிக்கிடக்கின்றன. எழுப்பிவிட ஒரு மந்தரை வந்தால் போதும். அவள் வெளியிலிருந்து வரவேண்டும் என்பதும் இல்லை.

தண்டகவனத்தில் நிகழ்ந்த உரையாடல்

இதற்கு மருந்தும் ஸ்ரீ ராமாயணத்திலேயே உண்டு. வாக்குக் கொடுத்த கணவன், அவ்வாக்கில் உடன்பாடில்லாத மனைவி என்னும் அதே நிலை ஆரண்ய காண்டத்திலும் வருகிறது. வேறு விதமாக முடிகிறது. தண்டகவனத்து ரிஷிகளுக்கு, அரக்கர்களை அழித்து உங்களைக் காப்பேன் என்று பெருமாள் வாக்களித்துவிட்டார். சீதாப்பிராட்டிக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பகையில்லாதவர்களைக் கொல்வது தகுமா, கையில் ஆயுதம் இருப்பதே மனத்தைக் கெடுத்துவிடாதா என்று நயமாகவும் அச்சமின்றியும் கேட்டாள்.

எதைச் செய்யவில்லை என்பதைப் பாருங்கள். பிராட்டி தன் உபகாரம் எதையும் எடுத்துக் காட்டவில்லை. உமக்காக அரண்மனையைத் துறந்து வந்தேனே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அது மறுக்க முடியாத கடனாக நின்றிருக்கும். அவள் சொல்லவில்லை. பெருமாளும் அவளைச் சினக்கவில்லை; மறைக்கவும் இல்லை. பிரியமில்லாதவர்களுக்கு யாரும் புத்தி சொல்வதில்லை, நீ சொன்னது எனக்கு உவப்பே என்று மகிழ்ந்து, தாம் சொல் கொடுத்த காரணத்தை விளக்கினார். வாக்கை மாற்றவில்லை. இருவரும் சேர்ந்தே மேலே நடந்தனர். அங்கே வென்றவர் யார், தோற்றவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் பிராட்டியின் புருஷகாரப் பெருமையை விரிக்கிறார். அவள் எம்பெருமானை இசைவிப்பது உபதேசத்தாலும், அது பலிக்காதபோது தன் அழகாலும் என்பது அவர் காட்டும் கருத்து. கைகேயியிடம் இருந்தவையும் இவ்விரண்டுதாமே! சொல்வன்மையும் அழகும். கருவி ஒன்றே, எய்யப்பட்ட இலக்கு வேறு. பிராட்டி தன்னை வருத்திய அரக்கியருக்காகவும் பரிந்து பேசினாள். கைகேயி தன் மகன் ஒருவனுக்காகப் பிறள் மகனை வெளியேற்றப் பேசினாள். ஆகவே மனைவியின் சொல்லுக்கு இசைவதா வேண்டாமா என்று கேட்பதைக் காட்டிலும், அச்சொல் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று கேட்பதே பொருந்தும். கணவனின் சொல்லுக்கும் இதே உரைகல்தான்.

மூன்றாவது வரம்

அயோத்தியில் முறிந்த அந்தத் தாம்பத்யம் முறிந்தபடியே முடிந்துவிட்டதா? இல்லை. யுத்த காண்டத்தின் முடிவில், இலங்கை வென்ற பின், தேவலோகத்து விமானத்தில் சக்கரவர்த்தி தோன்றுகிறார். மகனை மடியில் இருத்தி மகிழ்கிறார். அப்போது பெருமாள் கைகூப்பி ஒன்றை வேண்டுகிறார். மகனோடு கூட உன்னைத் துறந்தேன் என்று கைகேயியைச் சொன்னீரே, அக்கொடிய சாபம் அவளையும் பரதனையும் தொடாதிருக்க வேண்டும் என்கிறார். சக்கரவர்த்தி அவ்வாறே ஆகுக என்று இசைகிறார். கம்பநாட்டாழ்வாரும் இதைப் போற்றிப் பாடியுள்ளார்.

போர்க்களத்தில் கொடுக்கப்பட்ட இரண்டு வரங்கள் ஒரு குடும்பத்தைப் பிளந்தன. போர்க்களத்திலேயே கேட்கப்பட்ட இந்த மூன்றாவது வரம் அதை மீண்டும் சேர்த்தது. கேட்டவர் யார்? அந்த இரண்டு வரங்களால் நாட்டையும் தந்தையையும் இழந்து 14 ஆண்டுகள் வனத்தில் திரிந்தவர். கணக்குக் கேட்க முழு உரிமையுடையவர் அவர் ஒருவரே. அவர் கணக்கைக் கேட்கவில்லை. கணக்கு ஏட்டையே மூடிவிட்டார்.

கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பழைய கணக்குகள் எந்த இல்லத்திலும் இருக்கக்கூடும். யார் கை ஓங்கியது, யார் கை தாழ்ந்தது என்று அவற்றில் எழுதிக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்தான் வரும். தாயாரோடு சேர்ந்தே எழுந்தருளும் எம்பெருமானைச் சேவிக்கும்போது, எனக்கு இன்னது வேண்டும் என்று கேட்பதோடு, என் கணவர்மேல் எனக்குள்ள குறையை, என் மனைவிமேல் எனக்குள்ள குறையை மறக்கும் மனத்தையும் தருவாய் என்று கேட்போம். சக்கரவர்த்தித் திருமகனே கேட்டு வாங்கிய வரம் அது. நமக்கு மறுக்கப்படுமா?

எல்லா இல்லங்களிலும் மங்களம் பெருகுமாறு திவ்யதம்பதிகளின் திருவடிகளில் பிரார்த்திக்கிறேன்.

சுபம்.